பிய்ந்த தோசை, யாரோ அழுத்திய லிஃப்ட் பட்டன்: ஒன்றரை முதல் மூன்றரை வயது வரை அடத்தைக் கையாளும் முறை

தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வைத்ததும் ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை அலறித் தரையில் விழுகிறதா? உடனே அடுப்பைப் பற்றவைத்து இன்னொரு தோசை வார்க்கப் போகாதீர்கள். புதுத் தோசை வந்ததும் "அது இல்ல, அது!" என்று பழைய தோசையையே காட்டி இன்னும் உரக்க அழும். அந்தத் தோசைதான் வேண்டும், அதுவும் பிய்வதற்கு முன்னால் இருந்தபடியே வேண்டும். யாராலும் தர முடியாத பொருள் அது.

பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும் காரணங்கள்தான் எல்லாம். லிஃப்ட் பட்டனைப் பக்கத்து வீட்டு மாமா அழுத்திவிட்டார். குளித்த தண்ணீர் ஓட்டை வழியே போய்விட்டது. வாசல் கோலத்தைக் கையில் எடுக்க வரவில்லை. தாத்தா பல்செட்டைக் கழற்றிவிட்டார். காக்காவுக்கென்று தானே வைத்த வடையைக் காக்கா தின்றுவிட்டது. நிழல் விடாமல் பின்னாலேயே வருகிறது. வெளியே அற்பமாகத் தெரியும் இவை ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் புத்தி வளர்ச்சியில் ஒரு காரணம் இருக்கிறது. எந்த வகை அடம் என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றுக்குக் கேட்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது. "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு", "அப்படியே அவங்க அப்பா" என்ற இரண்டு விளக்கங்களும் இந்த வயதில் உதவாது.

முதலில் வயிறு, தூக்கம், வெக்கை

நேற்று இதே தோசையைப் பிய்த்துக் கொடுத்தபோது சமர்த்தாகச் சாப்பிட்ட குழந்தை இன்று அலறினால், தோசையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் பசி. கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுத்தால் தூக்கம். (காதை இழுப்பதோடு காய்ச்சலும் இருந்தால் காதுவலியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.)

தூக்கக் கணக்கைப் பல வீடுகளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தேவை. மூன்று வயதில் 10 முதல் 13. சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் இருக்கும் ஆபீஸிலிருந்து அப்பா வீடு வந்து சேர ஒன்பதரை, கொஞ்சிவிட்டுக் குழந்தை படுக்கப் பத்தரை, காலையில் கிரெஷ்ஷுக்கு எழுப்புவது ஏழு மணி என்றால் இரவில் எட்டரை மணி நேரம்தான் தேறும். பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும் கூட்டினால் பத்து. ஒன்று முதல் இரண்டு வயதுக்கான குறைந்தபட்ச அளவுக்கே ஒரு மணி நேரம் குறைகிறது. இந்தக் கடன் தினமும் சேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு உடைந்த அப்பளத்தின் மேல் போய் விடியும். படுக்கும் நேரத்தை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக முன்னால் தள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு மணி நேரம் தள்ளினால் தூக்கம் வராமல் படுக்கையிலேயே புது ரகளை தொடங்கும்.

வெக்கையை நம் ஊரில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் குழந்தையை வெளியே கூட்டிப் போனால் திரும்பும் வழியில் அழுகையை எதிர்பார்த்தே போங்கள். கல்யாண மண்டபத்தில் "எல்லாரையும் பாத்து மிரண்டுடுச்சு" என்று சொல்லப்படும் பல அழுகைகளுக்குக் காரணம் பட்டுப்பாவாடையின் ஜரிகை வேர்க்குருவின் மேல் உரசுவதுதான். உள்ளே மெல்லிய பருத்தி ஷிம்மி போட்டு, முகூர்த்தம் முடிந்ததும் கவுனுக்கு மாற்றிவிடுங்கள். புதுச் சட்டையின் கழுத்து லேபிளை ஒட்ட வெட்டுங்கள். இடுப்பு எலாஸ்டிக் தடம் பதிகிறதா என்றும் பாருங்கள்.

முழுசாக இருக்க வேண்டும் என்ற அடம்

தோசை, வாழைப்பழம், பிஸ்கட், அப்பளம் எல்லாம் இந்த வகை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருளின் உருவமே பொருள். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு பள்ளிக்குப் போகும் வயதில்தான் உறுதிப்படும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதைத் தண்ணீரும் கண்ணாடிக் குவளைகளும் வைத்துக் காட்டினார். ஒல்லியான உயரக் குவளையிலிருந்து அகலக் குவளைக்கு ஊற்றினால், தண்ணீர் குறைந்துவிட்டது என்று நாலைந்து வயதுக் குழந்தைகளே சொல்வார்கள். நம் வீட்டில் இந்தச் சோதனை டவரா டம்ளரில் தினமும் நடக்கிறது. டம்ளர் நிறைய இருந்த பாலை ஆற்றுவதற்காக டவராவில் ஊற்றியதும் "என் பாலு!" என்று குழந்தை அழுவது, பால் பறிபோனதைக் கண்ணால் பார்த்ததால்தான். குழந்தையின் பார்வையில் அது உண்மை.

இதற்கு வைத்தியத்தைவிடத் தடுப்பு சுலபம். பாலைச் சமையலறையிலேயே ஆற்றி, குடிக்கும் டம்ளரில் ஊற்றி எடுத்து வாருங்கள். தோசையைப் பிய்க்காமல் சின்னதாக வாருங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோசை வரும், குழந்தை கையில் பிடித்துக் கடிக்கலாம். நான்கைந்தை ஒரே கல்லில் வார்த்துவிடலாம். பெரிய வாழைப்பழத்துக்குப் பதில் ஏலக்கி வாங்குங்கள். மேலே கொஞ்சம் மட்டும் உரித்துக் கையில் கொடுங்கள், மிச்சத்தை அது உரித்துக்கொள்ளும். பிய்த்தே ஆக வேண்டிய பொருளை, குழந்தையின் கண்ணெதிரே, அதன் கையும் சேர்ந்து பிய்க்க வேண்டும். தான் பிய்த்த தோசைக்காகக் குழந்தை அழுவது அபூர்வம்.

உடைந்த பிறகு ஒட்டவைப்பதுபோல நடிக்காதீர்கள். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து "பாரு, ஒட்டிடுச்சு" என்றால், எடுத்ததும் அது மறுபடி பிரியும், அழுகையும் இரண்டாம் தடவை முதலிலிருந்து தொடங்கும்.

வைத்தது வைத்த இடத்தில்

அம்மாவின் நாற்காலியில் அத்தை உட்கார்ந்துவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வழக்கமாகப் போகும் தெருவில் குடிநீர் லாரி நின்றதால் ஆட்டோ வேறு தெருவில் திரும்பிவிட்டது. இந்த அழுகைக்குக் காரணம் என்னவென்று தெரியாமலேயே பெரியவர்கள் தவிப்பார்கள்.

இதை முதலில் கூர்ந்து கவனித்து எழுதியவர்களில் ஒருவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் சொல்லும் ஒரு சம்பவத்தில், வெக்கை தாங்காமல் ஒரு தாய் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டதும் ஒன்றரை வயதுக் குழந்தை அடங்காமல் அழுகிறது. யார் தூக்கியும் நிற்கவில்லை. கோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மாண்டிசோரி சொல்ல, போட்டதும் அழுகை நின்றுவிடுகிறது. கோட்டு இருக்கும் இடம் தோள், கை கிடையாது. நேரமும் கடிகாரமும் புரியாத வயதில், பொருள்கள் அதனதன் இடத்தில் இருப்பதுதான் குழந்தைக்குப் பிடிமானம்.

எனவே காரணம் தெரியாத அழுகை வந்தால் கடைசி ஒரு நிமிடத்தில் அறையில் என்ன மாறியது என்று பாருங்கள். யார் எழுந்தார், எது நகர்ந்தது, எந்தச் செருப்பை யார் போட்டார்? பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மாற்றக் கூடியதாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அத்தை எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போவதால் யாருடைய மரியாதையும் குறையாது. மாற்றம் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு ஆட்டோ வேற ரோட்டுல போகும். அங்க ஒரு பெரிய மரம் இருக்கு." புரியுமா என்று தயங்க வேண்டாம், பேசுவதைவிடப் பல மடங்கு இந்த வயதில் புரியும்.

நானே!

லிஃப்ட் பட்டன், ஃபேன் சுவிட்ச், காலிங் பெல், செருப்பு வார். இரண்டு வயதை ஒட்டி "நானே" என்ற சொல் வந்துவிட்டால், வேலையைச் செய்து முடித்தவர் யார் என்பதே குழந்தைக்கு எல்லாம். இதற்கு நேரடி மருந்து உண்டு: செய்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி செய்ய விடுவது. ஃபேனை அணைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வையுங்கள். லிஃப்டில் ஏற்கெனவே எரியும் பட்டனைக் குழந்தையும் ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடும். ஆகாவிட்டால் கதவு மூடும் பட்டனைக் கொடுத்துப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஏறும் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர்களே வழிவிடுவார்கள்.

இப்படி மறுபடி செய்ய விடுவது பணிந்துபோவது ஆகாதா என்று பாட்டிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் இதுதான். நீங்கள் "கூடாது" என்று சொன்ன ஒன்றைக் கேட்டு அழுகிறதா, யாரும் மறுக்காத ஒன்று கைநழுவியதால் அழுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். பட்டனை யாரும் மறுக்கவில்லை. அதை முப்பது விநாடியில் சரிசெய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். கடையில் சாக்லேட் வேண்டாம் என்று சொன்ன பிறகு அழுதால் கதை வேறு. பத்து நிமிடம் கழித்து வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிடம் அழ வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள், அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் அழும். கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதல் கேள்விக்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை இல்லை. நடுவில் மாறுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

பொம்மைக் காருக்குள் உட்கார முடியவில்லை

விரலளவு காருக்குள் காலை நுழைக்கப் பார்த்து அழும் குழந்தைக்குப் பார்வைக் கோளாறோ புத்திக் கோளாறோ இல்லை. 2004-இல் வெளியான ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவரது சகாக்களும் 18 முதல் 30 மாதக் குழந்தைகளைப் பெரிய சறுக்குமரம், நாற்காலி, கார் ஆகியவற்றில் விளையாட விட்டார்கள். பிறகு அவர்களுக்குத் தெரியாமல் அவற்றின் குட்டி வடிவங்களை அதே இடத்தில் வைத்தார்கள். பல குழந்தைகள் உண்மையாகவே அந்தக் குட்டிக் காரில் ஏற முயன்றன. கார் என்று அடையாளம் கண்டதும் கால் தானாகத் தூக்கிவிடுகிறது, அளவைக் கணக்கில் எடுக்கும் மூளைப் பகுதி அதோடு இன்னும் சரியாக இணையவில்லை. "நீ பெரிசு, காரு சின்னது. பொம்மையை உக்கார வைப்போமா?" என்று வேறு ஆளை ஏற்றிவிடுங்கள். வயது ஏறினால் இது தானே மறையும்.

நிலா, நிழல், ஓடிப்போன தண்ணீர்

யாராலும் சரிசெய்ய முடியாத வகை. இங்கே விளக்கம் வேலை செய்யாது. வெயில் இருந்தால் நிழல் விழும் என்ற பாடத்தைக் குழந்தை கேட்காது. ஆசையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்: "தண்ணி போயிடுச்சு. உனக்கு இன்னும் வேணும். நாளைக்கும் வரும், சொய்ங்ணு." அடுத்த நாளிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் வேலையைக் குழந்தைக்கே கொடுத்து, "டாட்டா தண்ணி" சொல்ல வையுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் கடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அழும் குழந்தைக்கு ஒரு சின்ன பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக் கையில் கொடுத்தால் ஆட்டோவில் அமைதியாக வரும். மூடியை இறுக்கிக் கொடுங்கள், குடித்துவிடக் கூடாது.

அழுகை தொடங்கிய பிறகு

நேரத்தைத் தெரிந்துவைத்திருப்பது பெரிய ஆறுதல். அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 முதல் 60 மாத வயதுள்ள 335 குழந்தைகளின் அடத்தைப் பெற்றோர் சொன்னபடி நிமிட வாரியாகப் பதிந்து 2003-இல் வெளியிட்டார்கள். நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கத்துவது, உதைப்பது, எறிவது போன்ற கோபக் குறிகள் ஆரம்பத்தில் ஏறி இறங்குகின்றன. அழுகையும் ஆறுதல் தேடுவதுமான துக்கம் கடைசிவரை ஓடுகிறது. ஆகவே முதல் ஓரிரு நிமிடம் நம் வேலை அடிபடாமல் காப்பது மட்டுமே.

கூர்மையான பொருளை நகர்த்துங்கள். டைல்ஸ் தரையில் தலையை முட்டினால் பாய் அல்லது தலையணைக்கு மாற்றுங்கள். ஒரு கை எட்டும் தூரத்தில், குழந்தையின் கண்மட்டத்துக்குக் கீழே வருவதுபோல் தரையில் உட்காருங்கள். பேசுவது ஐந்தாறு சொற்களுக்குள் இருக்கட்டும்: "தோசை பிஞ்சிடுச்சு. கோவம் வருது." இரண்டு வயதில் பொதுவாகக் கொஞ்சம் சொற்கள், இரண்டு சொல் வாக்கியங்கள்தான் இருக்கும். கோபத்தில் அதுவும் கைவசம் இருக்காது. "என்ன வேணும்? இதுவா? அதுவா? ஏன் அழுற?" என்று அடுக்கினால், பதில் சொல்ல முடியாத ஆத்திரமும் சேர்ந்து அழுகை நீளும். முகத்தில் சிரிப்பைக் காட்டாதீர்கள், வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போடாதீர்கள். அந்த நேரத்தில் குழந்தைக்கு அது உண்மையான இழப்பு.

கத்தல் விம்மலாக இறங்கி, குழந்தை உங்கள் பக்கம் திரும்பும் அல்லது கையை நீட்டும். அப்போது தூக்குங்கள், அதற்கு முன் தூக்கினால் உதைதான் கிடைக்கும். முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுங்கள். அழும் வாயில் எக்காரணம் கொண்டும் உணவை ஊட்டக் கூடாது, இழுத்து மூச்சு விடும்போது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றை இந்த வயதில் எப்போதுமே தவிர்க்க வேண்டும்.

பூச்சாண்டியிடமோ போலீஸ்காரரிடமோ பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னால் சில நேரம் அழுகை டக்கென்று நிற்கும். பயத்தில் நிற்கிறது. இரவுத் தூக்கத்தில் அந்தப் பயம் திரும்பி வரும். தரையை அடித்து "தரை அடிச்சிடுச்சா? அடி!" என்பதும் வேண்டாம், கோபம் வந்தால் அடிக்கலாம் என்று அதுவே கற்றுக்கொடுக்கிறது. போனைக் கொடுப்பதும் இப்படித்தான். இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல். அதைவிட முக்கியமாக, போனைத் திரும்ப வாங்கும்போது இரண்டாவது அடம் காத்திருக்கிறது. கொடுத்துவிட்டால், "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லாமல் "இந்தப் பாட்டு முடிஞ்சதும்" என்று சொல்லி, அணைக்கும் பொத்தானைக் குழந்தையையே அழுத்த விடுங்கள்.

கடைக் கூட்டம் நெரியும் ரங்கநாதன் தெருவில் உட்கார்ந்து காத்திருக்க இடமில்லை. குழந்தையின் முதுகு உங்கள் மார்பில் படும்படி, ஒரு கை தொடைக்குக் கீழே, மற்றொன்று நெஞ்சின் குறுக்கே வைத்துத் தூக்குங்கள். உதை உங்கள் மேல் விழாது. உங்கள் முகவாயைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தலையைப் பின்னால் வீசினால் பல்லில் படும். கூட்டம் குறைந்த ஏதாவது ஒரு படிக்கட்டுக்குப் போய்விடுங்கள். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு வாங்கிக் குடேன்" என்று சொல்பவர்களுக்குத் தலையசைத்தால் போதும்.

எப்போது டாக்டர்

அழும்போது மூச்சை அடக்கி உதடு நீலமாகி மயங்கும் குழந்தைகள் உண்டு. பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், குலுக்காதீர்கள், வாய்க்குள் விரலோ கரண்டியோ விடாதீர்கள், கையில் சாவி திணிப்பதால் பயனில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வந்துவிடும். வராவிட்டால் 108. தானே தெளிந்தாலும் முதல் தடவைக்குப் பிறகு கட்டாயம் குழந்தை மருத்துவரிடம் காட்டி, இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அடம் அடிக்கடி 25 நிமிடத்தைத் தாண்டினாலும், தன்னைத்தானே கடித்துக் காயப்படுத்திக்கொண்டாலும், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். சென்னையில் என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம்.

இரண்டு வாரக் குறிப்பு

மாதக் காலண்டரின் கட்டங்களிலேயே எழுதலாம். ஒவ்வொரு பெரிய அழுகைக்கும் நான்கு விஷயம்: மணி எத்தனை, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கடைசியாகத் தூங்கி எழுந்தது எப்போது, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் நடந்தது என்ன. பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் பாட்டியும் எழுதட்டும், எழுதச் சிரமமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும். பதினாலு நாளில் ஒரே மணி மூன்று நான்கு தடவை வந்தால், அந்த மணிக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு இட்லியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். மணிகள் சிதறியிருந்து, நான்காவது விஷயத்தில் "யாரோ செய்துவிட்டார்" என்பதே திரும்பத் திரும்ப இருந்தால், வீட்டிலுள்ள எல்லாரையும் கூப்பிட்டு, எந்தச் சுவிட்ச், எந்தப் பட்டன், எந்த மூடி இனிமேல் குழந்தையின் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.